தோட்டப்புறத்து அவசர ரேடியோவை மாற்றும் முன் காசு எங்கே போகிறது என்று பாருங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவர்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழு பல வருஷமாக ஒரே ஒரு விஎச்எஃப் அனலாக் ரிப்பீட்டரை நம்பித்தான் ஓடுகிறது. கைச் செட்டின் பேச்சை வாங்கி உயரத்திலிருந்து திரும்ப அனுப்பும் கருவி அது. பக்கத்துத் தோட்டங்களின் காவல் ஆட்களும் அவசரமென்றால் அதில்தான் கூப்பிடுகிறார்கள். கருவி பழசாகிவிட்டது, உதிரிப் பாகம் கிடைப்பதில்லை. டிஜிட்டலுக்கு மாறலாமென்று விலை கேட்டால், ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதைப் போல நாலு மடங்கு. மூன்றாமவரோ, ‘டவர் எல்லாம் எதுக்கு, சிம் கார்டு போட்ட வாக்கி-டாக்கி வாங்கிக்குங்க’ என்கிறார். எதை நம்புவது, ஏன் இத்தனை செலவு, அவ்வளவு செலவழித்தாலும் மலையடிவாரத் தோட்டப் பிரிவுகளில் (டிவிஷன்களில்) கேட்குமா? இவைதான் அவருடைய முக்கியக் கேள்விகள்.

தம்பி, ரேடியோ நிலையங்களைப் பராமரிக்கும் வேலையிலேயே என் காலம் போயிருக்கிறது. அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் பணத்தில் பெரும் பங்கு உயரமான ஓர் இடத்துக்கும், அந்த இடத்தை அடுத்த பதினைந்து வருஷம் உயிரோடு வைத்திருப்பதற்கும் போக வேண்டும். கையில் பிடிக்கும் செட் எந்த பிராண்டு, அனலாக்கா டிஜிட்டலா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் விஷயம். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் புதுப் பெட்டியைத் திறந்த மாதத்திலேயே ‘பழசே தேவலாம்’ என்று சொல்கிறார்கள்.

முதலில் அந்த நாலு மடங்கு வித்தியாசம். குறைந்த விலை சொன்னவர் பெரும்பாலும் செட், ரிப்பீட்டர், ஆன்டெனா, பொருத்தும் கூலி இவற்றை மட்டும் எழுதியிருப்பார். கூடுதல் விலை சொன்னவர் பேட்டரி, இடிதாங்கி, எர்த்திங், நிலையங்களை இணைக்கும் தொடர்பு, புரோகிராமிங், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்திருக்கலாம். சேர்க்காமலே கூட்டிச் சொல்லியிருக்கவும் கூடும். அதனால் இரண்டு தாள்களின் மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள். ‘மூன்றாம் வருஷம் பேட்டரி போனால் யார் காசு? இடி விழுந்து ரிப்பீட்டர் எரிந்தால் எத்தனை நாளில் மாற்று வரும்? மலையேறும் ஆளுக்குக் கூலி யார் தருவது?’ என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். அந்தப் பதில்களை ஒரே தாளில் எழுதிய பிறகுதான் உண்மையான விலை தெரியும்.

இப்போது அலைவரிசை. உங்கள் பழைய செட் 150 மெகாஹெர்ட்ஸ் அருகே, அதாவது விஎச்எஃப்-பில், ஓடுகிறது. புதிதாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் 400 மெகாஹெர்ட்ஸை ஒட்டியவை, யுஎச்எஃப் என்பார்கள். தூரமும் மற்றதெல்லாமும் ஒன்றாக இருந்தால், 150-லிருந்து 400-க்குப் போகும்போது வழியிலேயே சுமார் 8.5 டெசிபல் கூடுதலாக இழக்கிறோம். மூன்று டெசிபல் போனால் சக்தி பாதியாகும் என்பது கணக்கு. மேடுபள்ளமும் மரமும் நிறைந்த நிலத்தில் இந்த இழப்பைப் பரப்பளவாக மாற்றிப் பார்த்தால், பழைய நிலையம் மூடிய பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு மலை செய்த வேலைக்கு மூன்று இடம் வேண்டும் என்று பொருள். விலை ஏறுவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் விஎச்எஃப்-பை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. மின்சாதனங்கள் கிளப்பும் இரைச்சல் அந்த அலைவரிசையில்தான் அதிகம். மலிவான எல்இடி விளக்கு, தரமில்லாத சோலார் சார்ஜர், அதே டவரில் இன்னொருவர் வைத்த பவர் சப்ளை இவை எல்லாம் ரிப்பீட்டரின் காதை அடைத்துவிடும். உங்கள் ரிப்பீட்டர் ‘வரவர தூரம் குறைகிறது’ என்று தோன்றினால், கருவி கெட்டிருக்க வேண்டும் என்றில்லை. சுற்றியுள்ள இரைச்சல் கூடியிருக்கலாம். புதுசு வாங்கும் முன் யாரையாவது அழைத்து அந்த இடத்தின் இரைச்சல் அளவை எடுக்கச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான்.

உயரத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். குறுக்கே எதுவும் இல்லையென்றால், 45 மீட்டர் டவரிலிருந்து ரேடியோ அடிவானம் சுமார் 27 கிலோமீட்டர். 300 மீட்டர் குன்றின் உச்சியிலிருந்து அது 70 கிலோமீட்டரைத் தாண்டும். ஈப்போ அருகே 808 மீட்டர் உயரமுள்ள கிளேடாங் மலையில் ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்பது இதனால்தான். ஆனால் சுங்கை சிப்புட்டின் கிழக்கே, லிந்தாங், லாசா, ஜாலோங் என்று உள்ளே போகப் போக நிலம் மடிந்து மடிந்து திதிவாங்சா மலைத்தொடரை நோக்கி ஏறுகிறது. ஒவ்வொரு மடிப்பின் பின்னாலும் ஒரு நிழல் விழும். டவுன் பக்கமிருந்து எவ்வளவு சக்தி கூட்டி அனுப்பினாலும் அந்த நிழலுக்குள் சரியாகப் போகாது. அங்கே தேவை இன்னொரு பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும் இன்னொரு இடம். 50 வாட்டை 100 வாட்டாக்கிக் காசு வாங்குகிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

அடுத்தது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. நகரத்திலிருந்து வரும் பொறியாளர்கள் மலையைப் பார்ப்பார்கள், மரத்தைப் பார்க்க மாட்டார்கள். வரைபட மென்பொருளில் அது வெறும் பச்சை நிறம். முற்றிய செம்பனைக் காட்டில் மட்டைகள் தலைக்கு மேல் ஒன்றோடொன்று பின்னிக் கூரையாக நிற்கும். அதற்குக் கீழே நிற்கிறவரின் செட்டிலிருந்து கிளம்பும் அலை, மட்டைக்கு மட்டை தேய்ந்துதான் வெளியே வரும். அலைவரிசை ஏற ஏற தேய்மானமும் ஏறும். மழை விட்ட கையோடு, மட்டையெல்லாம் நீர் சொட்டும் நேரத்தில், இன்னும் மோசம். மழைத்துளி விஎச்எஃப், யுஎச்எஃப் அலைகளைப் பெரிதாகத் தடுக்காது. நனைந்த இலைதான் தடுக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: மரம் வளரும். செம்பனை வருஷத்துக்கு ஓரடி, ஒன்றரை அடி என்று ஏறிக்கொண்டே போகும். சுமார் இருபத்தைந்து வருஷத்தில் மறுநடவு செய்வார்கள். புதிதாகக் கன்று வைத்த பிளாக்கில் நின்று சோதனை செய்தால் சிக்னல் அருமையாக இருக்கும், ஏனென்றால் அது திறந்தவெளி. எட்டு, பத்து வருஷம் கழித்து அதே இடத்தில் தலைக்கு மேல் கூரை வந்துவிடும். ரேடியோவின் ஆயுளுக்குள்ளேயே நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. ஆகவே சோதனை நடத்தும்போது தோட்ட ஆபீஸில் மறுநடவு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மிக வயதான, மிக அடர்ந்த பிளாக்குகளில்தான் நடந்து பார்க்க வேண்டும். இளங்கன்று பிளாக்கில் கிடைத்த முடிவைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்ட ‘எங்களுக்கு அவங்க பேசறது கேட்குது, நாங்க பேசறது அவங்களுக்குக் கேட்கல’ என்ற புகார். இதுதான் தோட்டப்புறத்தின் மையமான சிக்கல் என்று நான் நினைக்கிறேன். மலையிலிருக்கும் ரிப்பீட்டர் 50 வாட்டில் பேசுகிறது. உங்கள் கையிலிருப்பது 5 வாட். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு தோள் மைக்கில் பேசினால், உடம்பே அலையை விழுங்கிவிடும். இடுப்பு நிலையில் பத்து டெசிபலுக்கு மேல், அதாவது சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு, அங்கேயே போய்விடுவது சாதாரணம். உரக்கப் பேசுகிறவருக்குக் காது மந்தமாக இருந்தால் எப்படியோ அப்படித்தான் உங்கள் ரிப்பீட்டர் இருக்கிறது. டெட்ரா என்ற டிஜிட்டல் ரேடியோ முறையின் கைச் செட்டுகள் பொதுவாக 1 வாட் அளவில்தான் அனுப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வகை அமைப்புக்கு நிலையங்கள் நெருக்கமாக வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு முழு நிலையம் கட்ட வேண்டியதில்லை. கேட்க மட்டும் செய்யும் ரிசீவர்களை நாலைந்து இடத்தில் வைத்து, அவற்றில் எது தெளிவாகக் கேட்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து முக்கிய ரிப்பீட்டருக்குக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. வோட்டிங் ரிசீவர் என்பார்கள். கேட்கும் நிலையத்துக்குப் பெரிய சக்தி வேண்டாம், பெரிய டவர் வேண்டாம், ஒரு சோலார் தகடும் பேட்டரியும் போதும். தோட்டத்தின் தண்ணீர்த் தொட்டி மேலேயே வைக்கலாம். செம்பனை ஆலை இருந்தால் இன்னும் வசதி. உயரமான கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது, பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து அவர்களே மின்சாரமும் எடுக்கிறார்கள். ஆலை நிற்கும் நாளுக்காகப் பேட்டரி மட்டும் தனியாக வேண்டும். விலைத்தாள் தருபவர் யாரும் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். சிறிய டவுனுக்கு, போட்ட காசுக்கு மிக அதிகம் திருப்பித் தரும் முறை என் அனுபவத்தில் இதுதான்.

டிஜிட்டல் என்றால் தூரம் கூடும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அனலாக்கில் சிக்னல் குறையக் குறைய ‘ஷ்ஷ்’ சத்தம் ஏறும், குரல் மங்கும். ஆனாலும் பழகிய காது வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும். டிஜிட்டலில் விளிம்பு வரைக்கும் குரல் தெளிவாக இருக்கும், பிறகு திடீரென்று ஒன்றுமே வராது. பேசுகிறவர் தன் குரல் தேய்கிறது என்ற எச்சரிக்கையே இல்லாமல் துண்டிக்கப்படுவார். தீயணைப்பு வேலையில் இது சின்ன விஷயமில்லை. செயின்சா, பம்ப், சைரன் பக்கத்தில் ஓடும்போது டிஜிட்டல் செட் மனிதக் குரலையும் இயந்திரச் சத்தத்தையும் சேர்த்துக் குழப்பிவிடும் சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் தீயணைப்புத் தலைவர்களின் சங்கமே 2008 வாக்கில் இதற்கென்று ஒரு குழு அமைத்து ஆராய வேண்டி வந்தது. அதன் பிறகு கருவிகள் தேறியிருக்கின்றன. இருந்தாலும் வாங்கும் முன் உங்கள் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று பேசிப் பாருங்கள்.

டிஜிட்டலின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. யார் பேசுகிறார் என்ற அடையாளம், அவர் நிற்கும் இடம், ஆபத்து பட்டன், விழுந்து கிடந்தால் தானாக எழும் அலாரம். செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டுவிட்டது, பாம்பு கடித்துவிட்டது, குலை ஏற்றிய டிராக்டர் சரிவில் கவிழ்ந்துவிட்டது என்று வையுங்கள். பிளாக் எண்ணைச் சொல்லத் தெரியாத புது ஆளுக்கு இருப்பிடம் தானாகப் போய்ச் சேர்வது உயிர் காக்கும். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள்தான் இன்று பல தோட்டங்களில் வெட்டுகிறார்கள். பதற்றத்தில் அவர்கள் மொழியும் உங்கள் மொழியும் சேராது. டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் ரேடியோ முறையில் ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் இரண்டு பேச்சு ஓடும், அதுவும் நல்லதே. எனவே டிஜிட்டல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனலாக்கும் டிஜிட்டலும் இரண்டும் ஓடும் ரிப்பீட்டரை வாங்கி, முதலில் அனலாக்கிலேயே ஓட்டி, கைச் செட்டுகளைக் காசு வர வர மாற்றுங்கள். விஎச்எஃப்-பிலேயே டிஎம்ஆர் கருவிகள் கிடைக்கின்றன. அப்படிப் போனால் நான் முன்னால் சொன்ன மூன்று இடக் கணக்கு உங்களுக்கு வராது.

மலைமேலிருக்கும் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு சத்தமில்லாமல் கரைவது அங்கேதான். நம் நாட்டில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் இடி முழங்கும் பகுதிகள் உண்டு. குன்றின் உச்சியில் தனியாக நிற்கும் இரும்புக் கம்பம் இடிக்கு எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை. நல்ல எர்த்திங் இருந்தால் தாங்கும். ஆனால் எர்த்திங் செம்புக் கம்பி, செம்புக்கு விலை உண்டு, அதை அறுத்துக்கொண்டு போகிறார்கள். அறுத்தது யாருக்கும் தெரியாது, ரேடியோவும் வழக்கம்போல ஓடும், அடுத்த இடியில்தான் தெரியவரும்.

தண்ணீர் இன்னொரு எதிரி. ஒரு நிலையத்தில் ரிப்பீட்டரின் தூரம் பாதியாகிவிட்டதென்று கருவியையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிளின் கனெக்டரைக் கழற்றினேன். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. நடுக்கம்பி பச்சை பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. யாரோ ரப்பர் டேப்பைச் சரியாகச் சுற்றாமல் விட்டிருக்கிறார்கள், மழைநீர் கேபிளுக்குள்ளேயே இறங்கி வந்திருக்கிறது. கேபிளையும் கனெக்டரையும் மாற்றியதும் பழைய ரிப்பீட்டரே பழைய தூரத்துக்குப் போனது. உங்கள் ரிப்பீட்டரைத் தூக்கிப் போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். அலமாரிக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கிறதா, பல்லி சர்க்யூட்டில் சிக்கிக் கிடக்கிறதா என்பதையும்.

பேட்டரிக்கு வருவோம். ஈய-அமில பேட்டரி 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். தகர அலமாரிக்குள் மத்தியான வெயிலில் எவ்வளவு சூடிருக்கும் என்று கை வைத்துப் பாருங்கள். பெட்டியில் பத்து வருஷம் என்று அச்சடித்திருந்தாலும் மூன்று, நாலு வருஷத்தில் மாற்ற வேண்டி வரும். கவனிக்காமல் விட்டால், கரண்டு போகும் அதே புயல் இரவில்தான் அது செத்துப்போயிருப்பது தெரியும். மேலே போகும் மண்சாலையைத் தோட்டம் சீர்செய்யுமா, மழைக்காலத்தில் நாலு சக்கர வண்டி ஏறுமா என்பதும் செலவுக் கணக்கில் வர வேண்டும். சாலை அறுந்தால் பழுது பார்க்கும் ஆள் நடந்துதான் ஏற வேண்டும், பேட்டரியைச் சுமந்துகொண்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட நிலையம் என்றால் அவற்றை இணைக்க வேண்டும். மைக்ரோவேவ் இணைப்பு எளிது என்பார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மழையை வைத்து உலகத்தைப் பிரித்தபோது, நம் வட்டாரத்தை மிகக் கடும் மழை விழும் பி (P) வட்டாரத்தில் சேர்த்தது. வருஷத்தில் ஐம்பது நிமிஷத்துக்குச் சற்று மேல் மணிக்கு 145 மில்லிமீட்டரைத் தாண்டும் வேகத்தில் மழை கொட்டும் என்பது அந்த வகையின் கணக்கு. 15, 23 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகளை அந்த மழை அடைத்துவிடும். அதாவது வெள்ளம் வரும் நேரம் பார்த்து இணைப்பு அறுபடும். குளிர் நாட்டில் எழுதிய திட்டத்தை இங்கே அப்படியே கொண்டுவந்தால் இதில்தான் அடி விழும். குறைந்த அலைவரிசை அல்லது குறைந்த தூரம், இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இணைப்பு போனாலும் ஒவ்வொரு ரிப்பீட்டரும் தனித்தனியாக உள்ளூரில் ஓட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சிம் கார்டு வாக்கி-டாக்கி பற்றி. விலை குறைவு, நாடு முழுக்கப் பேசலாம், புரோகிராமிங் தொல்லை இல்லை. நிர்வாக வேலைக்கு, லாரி ஓட்டுநரைக் கூப்பிடுவதற்கு, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்கு நன்றாகவே உதவும். அவசர வேலைக்கு அதை மட்டும் நம்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது கைப்பேசி வலையமைப்பின் மேல் ஓடுகிறது, அந்த வலையமைப்போ மக்கள் வாழும் இடத்தை வைத்துத் திட்டமிடப்படுகிறது. 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா என்ற அரசின் இணைய வசதித் திட்டத்தின் இலக்கைப் பாருங்கள்: 2022 முடிவுக்குள் 96.9 விழுக்காடு 4ஜி, ஆனால் மக்கள் வசிக்கும் பகுதிகளில். நல்ல திட்டம்தான், பல கிராமங்களுக்கு அதனால் லைன் வந்தது. ஆனால் தோட்டப்புறத்தில் நடந்தது என்ன? தொழிலாளர்களின் லயன் வீடுகள் காலியாகி, மக்கள் டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டார்கள். கணக்குப்படி உள் டிவிஷனில் இப்போது ஆளில்லை. விடிந்தும் விடியாமலும் வெட்டாட்கள் நிற்பது மட்டும் அங்கேதான். விபத்தும் அங்கேதான் நடக்கிறது, வளைவுச் சாலையிலும் ஆற்றங்கரையிலும் பள்ளத்துப் பிளாக்கிலும். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் மண்சரிந்து 31 பேர் இறந்ததும் ஒரு பண்ணையின் கூடாரத் தளத்தில்தான், குடியிருப்பில் இல்லை. மக்கள் தொகையை வைத்து வரைந்த வட்டம், ஆபத்து நடக்கும் இடத்தை மூடுவதாகாது.

பெரு வெள்ளத்தில் கைப்பேசி என்னாகும் என்பதை 2014 டிசம்பரில் கிளந்தானில் பார்த்தோம். கோலக்கிராய் பக்கம் மின்சாரம் போனது, அதோடு தொலைபேசியும் போனது, ஊர்கள் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டன. தொலைபேசி டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு யாராவது ஜெனரேட்டர் கொண்டு போக வேண்டும், சாலையோ தண்ணீருக்கடியில். அதனால் எந்த அமைப்பை வாங்கினாலும் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள்: ரிப்பீட்டரே இல்லாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசும் சேனல். எல்லாச் செட்டிலும் ஒரே இடத்தில், இருட்டில் குமிழைத் திருப்பினாலும் கைக்கு வரும்படி அது இருக்க வேண்டும். தீ எரியும் இடத்தில் உள்ளே போனவரும் வெளியே நிற்பவரும் அதில்தான் பேச வேண்டும், மலையைச் சுற்றிக்கொண்டு பேசத் தேவையில்லை. செம்பனைக்குள் அது வெகுதூரம் போகாது, ஆனால் வண்டியில் 25 வாட் செட்டும் கூரை ஆன்டெனாவும் இருந்தால் நிலைமையே வேறு. இரண்டு கைச் செட்டைக் குறைத்து ஒரு வண்டிச் செட் வாங்குவது எப்போதும் நல்ல முடிவு.

அரசாங்கத்திடமே பெரிய வலையமைப்பு இருக்கிறதே, அதில் சேர முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஜி.ஐ.ஆர்.என் என்ற அரசு வானொலி வலையமைப்பு டெட்ரா முறையில் ஓடுகிறது, பல அரசுத் துறைகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 999 அழைப்பு 2007 முதல் ஒரே இடத்தில் எடுக்கப்பட்டு போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை, மருத்துவமனை, பொதுத் தற்காப்புப் படை, கடல்சார் அமலாக்கம் என்று பிரித்து அனுப்பப்படுகிறது. உங்கள் குழுவுக்கு அதில் செட் கிடைக்குமா என்பது மாவட்டத் தீயணைப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டியது. கிடைத்தாலும் தலைவர் கையில் ஒன்று, வண்டியில் ஒன்று என்ற அளவுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். டெட்ரா செட் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை, அனலாக் செட் சில நூறு ரிங்கிட்டில் முடியும். உங்கள் விஎச்எஃப் செட்டும் டெட்ராவும் தாமாகப் பேசிக்கொள்ளாது, நடுவில் இணைப்புக் கருவி வேண்டும். அது வரும் வரை, சம்பவ இடத்தில் இரண்டு செட்டையும் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு நிதானமான ஆள்தான் உங்கள் இணைப்புக் கருவி. அந்த வேலைக்கு ஒருவரை இப்போதே பழக்குங்கள்.

பெரிய நாடுகள் எல்லாம் சுலபமாக மாறிவிட்டன என்று யாராவது சொன்னால் பிரிட்டனைச் சொல்லுங்கள். ஏர்வேவ் என்ற டெட்ரா அமைப்பை விட்டுக் கைப்பேசி வலையமைப்புக்கு மாற 2015-இல் ஒப்பந்தம் போட்டார்கள், 2019 முடிவில் பழையதை அணைப்பதாகத் திட்டம். 2019-இல் அந்நாட்டுக் கணக்காய்வாளர் பார்த்தபோது மதிப்பீடு 930 கோடி பவுண்டாக, முதலில் சொன்னதை விட 310 கோடி கூடுதலாக, நின்றது. ஏர்வேவை இன்னும் அணைக்க முடியவில்லை. காசுள்ள அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், கோயில் திருவிழாவில் உண்டியல் வைத்துக் காசு சேர்க்கும் குழு எத்தனை நிதானமாக நடக்க வேண்டும்!

உரிமம் பற்றிச் சுருக்கமாக. ரிப்பீட்டருக்கும் அலைவரிசைக்கும் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அனுமதி வேண்டும், 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். உங்கள் பழைய அனுமதி யார் பெயரில் இருக்கிறது, தோட்டக் காவலர்கள் அதில் பேச இடமிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கருவியில் சிரிம் என்ற தரச் சான்று நிறுவனத்தின் சான்று இருக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாக வரும் செட் எல்லாவற்றிலும் அது இருக்காது. 477 மெகாஹெர்ட்ஸ் பொதுச் சேனல்களை அவசர வேலைக்கு நம்பாதீர்கள், அதில் கல்யாண வீட்டுக் கார் நிறுத்தமும் பேசும், காட்டில் வண்டி ஓட்டுபவர்களும் பேசுவார்கள்.

காசு எங்கிருந்து வரும்? தோட்ட நிறுவனங்கள் பங்கு தர வேண்டும் என்பது என் திடமான கருத்து. குலைத் திருட்டைப் பிடிக்க அவர்கள் ஏற்கெனவே காவலுக்குச் செலவழிக்கிறார்கள். அவர்கள் தொழிலாளிக்குப் பாம்பு கடித்தால் ஓடி வருவது உங்கள் குழு. பணமாகத் தராவிட்டாலும் தண்ணீர்த் தொட்டியில் இடம், கரண்டு, குன்றுக்குப் போகும் சாலைப் பராமரிப்பு, இந்த மூன்றையும் எழுத்தில் தரலாம். அதுவே பாதிச் செலவு. தோட்டம் கைமாறினாலும் செல்லுபடியாகும்படி அந்தக் கடிதம் இருக்க வேண்டும். ஊரக டவர்கள் பலவும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் பொதுச் சேவை நிதியில் கட்டப்பட்டவை. அருகில் அப்படி ஒன்றிருந்தால், அதில் ஓர் ஆன்டெனாவுக்கு வாடகையில்லாமல் இடம் கேட்டு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் வழியாக மனுப் போடுங்கள். புது டவர் கேட்பதை விட அது நடக்கக்கூடியது.

கடைசியாக, யாரிடமும் முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது. விற்பனைக்காரரின் கருவியைக் கடன் வாங்கி, உத்தேசித்த இடத்தில் தற்காலிகமாக ஏற்றச் சொல்லுங்கள். தோட்ட வரைபடத்தில் கட்டம் போட்டு, கடந்த வருஷங்களில் நீங்கள் உண்மையில் ஓடிப்போன இடங்களை முதலில் குறியுங்கள். தீப்பிடித்த ஸ்டோர், லாரி கவிழ்ந்த வளைவு, ஆள் மூழ்கிய ஆற்றுத் துறை, இப்படி. செட்டை இடுப்பில் மாட்டி, தோள் மைக்கில், நடக்கும் வேகத்தில் பேசுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து செய்த சோதனையை ஏற்காதீர்கள். மறுமுனையில் இருப்பவர் ஒரே கேள்விக்குத்தான் பதில் எழுத வேண்டும்: திரும்பச் சொல்லும்படி கேட்காமல் புரிந்ததா இல்லையா. மழை விட்ட பிறகு ஒருமுறை, காய்ந்த நாளில் ஒருமுறை. இந்தத் தாளையே ஒப்பந்தத்தின் இணைப்பாக்கி, அதே கட்டங்களில் அதே முறையில் தேறினால்தான் கடைசித் தவணை என்று எழுதுங்கள். மறுக்கிறவரை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

அந்த வரைபடமும் இரண்டு விலைத்தாள்களும் தயாரானதும் அனுப்புங்கள் தம்பி. கேட்கும் நிலையங்களை எந்தெந்தத் தொட்டியில் வைக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.